உன் தம்பி வீட்டுக்கு நானும் வருகிறேன்

பாளையங்கோட்டை

அன்புள்ள நண்பனுக்கு,

கர்த்தருக்குள் ஸ்தோத்திரம். உன் கடிதம் போன வாரம் வந்தது. வாட்ஸ்அப்பில் நாலு வரி தட்டிவிடாமல், தாளில் பக்கம் பக்கமாக எழுதியிருந்தாயே, அதிலேயே உன் மனசு எவ்வளவு பாரமாக இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. என் மனைவிக்கு, அதுதான் உன் தங்கச்சிக்கு, முழுவதையும் வாசித்துக் காட்டினேன். முடித்ததும் இடது கையால் மேஜையைக் காட்டி, "எழுதுங்க" என்றாள். அந்த ஒரு சொல்லுக்கே அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அவளைப் பற்றிக் கேட்டிருந்தாய். பக்கவாதம் வந்த புதிதில் இருந்ததற்கு இப்போது நன்றாகவே தேறியிருக்கிறாள். வலது கையில் இன்னும் உயிர் வரவில்லை. ஊன்றுகோலோடு முற்றம் வரை நடக்கிறாள். பேச்சுதான் பாடுபடுத்துகிறது. சொல்ல வந்தது தொண்டை வரை வந்து நின்றுவிடும், அவள் முகம் சிவந்துபோகும். ஆனால் காலையில் கீர்த்தனை ஒன்றை நான் எடுத்துக் கொடுத்தால், சரணம் வரை ஒரு வார்த்தை தடுக்காமல் பாடிவிடுகிறாள். பேச்சும் பாட்டும் மூளையில் ஒரே வழியில் போவதில்லை, இப்படி நிறையப் பேருக்கு உண்டு என்று டாக்டர் சொன்னார். காரணம் எதுவாகவும் இருக்கட்டும், அந்தக் காலை நேரத்துக்காக நான் தினமும் கர்த்தரைத் துதிக்கிறேன்.

சரி, வீட்டுப் பங்குக்காக உன் தம்பியோடு நடக்கிற வழக்கைப் பற்றி எழுதியிருந்தாயே, அந்த விஷயத்துக்கு வருகிறேன்.

"உபவாச ஜெபத்துக்குப் போகிறேன், கன்வென்ஷன் ஒன்றையும் விடுவதில்லை, சபையின் சேகரக் கமிட்டியில் இழுத்துப் போட்டுக்கொண்டு வேலை செய்கிறேன், ராத்திரி படுத்தால் தூக்கம் இல்லை. நீ மட்டும் எப்படி இத்தனைக்கும் நடுவில் சமாதானமாக இருக்கிறாய்?" என்று கேட்டிருக்கிறாய். புத்தாண்டு ஆராதனையில் உனக்கு வந்த வாக்குத்தத்த அட்டையில் "எல்லாப் புத்திக்கும் மேலான தேவசமாதானம்" என்று இருந்ததாம். அது உன் பர்சிலேயே கிடக்கிறதாம். அந்த இடத்தை வாசித்தபோது என்னமோ செய்தது.

போன மாதம் மகள் வந்து அம்மாவைப் பார்த்துக்கொண்டதால் நான் ஒரு நாள் டோனாவூர் போய்வந்தேன். களக்காட்டுக்குப் பக்கம், மலையடிவாரம். காலேஜ் படிக்கும்போது ஹாஸ்டலில் இருந்து கூட்டமாகப் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? அப்போது நமக்கு வேப்பமரமும் மலைக்காற்றும்தான் கண்ணில் பட்டன. இந்த முறை ஏமி கார்மைக்கேல் அம்மாவை நினைத்துக்கொண்டே போனேன்.

அயர்லாந்தில் 1867-இல் பிறந்து 1895-இல் இந்தியாவுக்கு மிஷனரியாக வந்தவர். அதற்குப் பிறகு ஒரு தடவைகூடச் சொந்த நாட்டுக்குத் திரும்பிப் போகவில்லை. ஆதரவில்லாத பிள்ளைகளைச் சேர்த்து வளர்த்து டோனாவூர் ஐக்கியத்தை உண்டாக்கிய கதை நமக்கெல்லாம் ஞாயிறு பள்ளியிலேயே தெரியும். நான் நினைத்துக்கொண்டு போனது அதற்குப் பின்னால் வந்த காலத்தை. 1931 அக்டோபரில், களக்காட்டில் மருந்தகத்துக்காக ஏற்பாடு செய்த வீட்டைப் பார்க்கப் போன இடத்தில், அங்கே வெட்டிப் போட்டிருந்த குழிக்குள் மங்கலான வெளிச்சத்தில் விழுந்துவிட்டார். கால் முறிந்தது. சில வாரத்தில் சரியாகிவிடும் என்று எல்லாரும் நினைத்தார்கள். ஆகவில்லை. 1951 ஜனவரியில் கண்ணை மூடும் வரை ஏறக்குறைய இருபது வருஷம் பெரும்பாலும் அறையும் கட்டிலுமாகவே வாழ்க்கை போயிற்று. அந்த அறைக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் சமாதான அறை.

அந்த அறையில் வலி இல்லாமல் இல்லை. தூக்கம் வராத இரவுகள் உன்னைப் போலவே அவருக்கும் இருந்தன. பத்துக்கும் மேற்பட்ட புத்தகங்களை அந்தக் கட்டிலில் இருந்தே எழுதியிருக்கிறார். அதில் ஒன்று நோயாளிகளுக்கென்றே எழுதியது. சுகமாக இருப்பவர்கள் எழுதி அனுப்பும் ஆறுதல் வார்த்தைகள் படுத்திருப்பவனைத் தொடுவதில்லை, அதனால் நோயாளியான நானே நோயாளிகளுக்கு எழுதுகிறேன் என்ற எண்ணத்தில் எழுதினார். உன் தங்கச்சியைப் பார்க்க வந்து, கட்டில் ஓரத்தில் நின்றுகொண்டு, "எல்லாம் நன்மைக்கே" என்று சொல்லிவிட்டுக் காப்பி குடித்துவிட்டுப் போனவர்கள் எத்தனையோ பேர். அப்போதெல்லாம் அவள் கண்ணில் தெரிந்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்த அம்மா எழுதியது எவ்வளவு உண்மை என்று எனக்குத் தெரியும்.

அவருடைய கவிதை ஒன்று உண்டு. துக்கத்தில் இருக்கிற ஒருவன் சமாதானம் தேடி ஒவ்வொரு வழியாகப் போய்ப் பார்க்கிறான். எல்லாவற்றையும் மறந்துவிடப் பார்க்கிறான், முடியவில்லை. ஓயாத வேலையில் நாளை நிரப்புகிறான், அதிலும் இல்லை. மனுஷரை விட்டு ஒதுங்கிப் போகிறான். பிறகு தோற்றுப்போனவனைப் போல விதியே என்று தலைகுனிந்து கிடக்கிறான். கடைசியில், தேவன் அனுமதித்ததை மனசார ஏற்றுக்கொள்வதில்தான் அது கிடைக்கிறது. உன் கடிதத்தை வாசிக்கும்போது அந்த வரிசை அப்படியே தெரிந்தது. மறக்கப் பார்த்திருக்கிறாய், கமிட்டி வேலையில் மூழ்கியிருக்கிறாய், உறவுக்காரர் கல்யாணங்களுக்குப் போவதை நிறுத்திவிட்டாய். இப்போது "கர்த்தருடைய சித்தம் இதுதான் போலிருக்கிறது, ஏற்றுக்கொண்டேன்" என்று எழுதியிருக்கிறாய்.

இந்த இடத்தில்தான் நான் உன்னோடு ஒத்துப்போக முடியவில்லை.

என் மனைவியின் வலது கையை நான் ஏற்றுக்கொண்டேன். பிசியோதெரபி நடக்கிறது, மருந்து நடக்கிறது, ஜெபமும் நடக்கிறது. அதற்கு மேல் என் கையில் ஒன்றுமில்லை என்று தெரிந்த அன்று எனக்குத் தூக்கம் வந்தது. உன் தம்பியோடு உனக்கு இருக்கும் வழக்கு அப்படிப்பட்டது இல்லையே! அது வியாதி இல்லை. இரண்டு பேர் சேர்ந்து உண்டாக்கியது, இரண்டு பேர் சேர்ந்து முடிக்கக்கூடியது. ஏற்றுக்கொள்ள வேண்டியதும் உண்டு, எழுந்து போய்க் கதவைத் தட்ட வேண்டியதும் உண்டு. கதவைத் தட்ட வேண்டிய விஷயத்தை ஏற்றுக்கொண்டேன் என்று சொல்லிப் படுத்தால் தூக்கம் எப்படி வரும்?

உன் பர்சில் இருக்கிற வசனம், அப்போஸ்தலன் பவுல் பிலிப்பி சபைக்கு எழுதிய கடிதத்தில் வருவது, பிலிப்பியர் 4:7. அந்த அட்டையை எடுத்து வைத்துவிட்டு வேதப்புத்தகத்தைத் திற, அதே அதிகாரத்தில் மேலே போய் இரண்டாம் வசனத்தைப் பார். "கர்த்தருக்குள் ஒரே சிந்தையாயிருக்க எயோதியாளுக்குப் புத்திசொல்லுகிறேன், சிந்திகேயாளுக்கும் புத்திசொல்லுகிறேன்" என்கிறார் பவுல். சபையில் இரண்டு சகோதரிகளுக்குள் ஏதோ மனஸ்தாபம். என்ன சண்டை என்று அவர் எழுதவில்லை, யார் பக்கம் நியாயம் என்றும் தீர்ப்புச் சொல்லவில்லை. இரண்டு பேரையும் பெயர் சொல்லிக் கெஞ்சுகிறார். சிறையில் இருந்து எழுதும் கடிதத்தில், தன் கட்டுகளைப் பற்றிக் கவலைப்படாத மனுஷன், இந்த இரண்டு பேரைப் பற்றிக் கவலைப்படுகிறார். அதற்குப் பிறகுதான் கவலைப்படாதிருங்கள் என்ற ஆறாம் வசனம், அதற்கும் பிறகுதான் உன் தேவசமாதானம். நம் காலண்டர்களிலும் சுவர்ப் படங்களிலும் ஏழாம் வசனம் மட்டும் தொங்குகிறது. எயோதியாளும் சிந்திகேயாளும் எந்தக் காலண்டரிலும் வருவதில்லை.

அப்பமும் ரசமும் பெறுகிற நம்முடைய திருவிருந்து ஆராதனை முறைமையையும் யோசித்துப் பார். 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உண்டான பிறகு, 1950-இல் புது முறைமையை எழுதினார்கள். அப்போது கேரளத்துச் சிரியன் சபைகளின் பழைய வழக்கம் ஒன்றை எடுத்து, சமாதானத்தைக் கைக்குக் கை கொடுப்பதை எல்லாருக்கும் உரியதாக்கினார்கள். பீடத்தண்டை நிற்கும் போதகர் ஐயரிடம் இருந்து புறப்பட்டு, வரிசை வரிசையாகக் கடைசிப் பெஞ்சு வரை வருகிறதே, அது எந்த இடத்தில் வருகிறது? காணிக்கைக்கு முன்னால். "முன்பு உன் சகோதரனோடே ஒப்புரவாகி, பின்பு வந்து உன் காணிக்கையைச் செலுத்து" என்று ஆண்டவர் மலைப்பிரசங்கத்தில் சொன்ன அதே வரிசை. அதைத் தெரிந்துதான் அங்கே வைத்திருக்கிறார்கள். வாரம் தவறாமல் முன்பின் தெரியாதவர் கையையெல்லாம் பிடித்துச் சமாதானம் சொல்கிறோம், ஒரே பாயில் படுத்து வளர்ந்த தம்பி கையைப் பிடிப்பதற்குள் வருஷங்கள் ஓடிவிடுகின்றன.

இங்கே வீட்டுக்குத் திருவிருந்து கொண்டுவரும் ஐயர் இளவயதுக்காரர். முதல் தடவை வந்தபோது சமாதானம் கொடுக்கும் இடத்தில் தயங்கினார். வலது உள்ளங்கையோடு வலது உள்ளங்கையை வைத்து, இடது கையால் மூட வேண்டும். இவள் வலது கை மடியில் அசையாமல் கிடந்தது. நான் எடுத்துக் கொடுக்கலாமா என்று யோசிப்பதற்குள், அவளே இடது கையால் தன் வலது மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கி அவர் கைக்குள் வைத்துவிட்டாள். அப்புறம் திரும்பி, அவளைப் பார்த்துக்கொள்ள வருகிற அக்காவுக்கும் அதே மாதிரி கொடுத்தாள். அந்த அக்கா சபையைச் சேர்ந்தவர் இல்லை, ஆனாலும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

உன் தம்பி விஷயத்தில் நியாயம் உன் பக்கமே இருக்கலாம். பத்திரம், பட்டா எல்லாம் நான் பார்க்கவில்லை, அதனால் அதைப் பற்றிப் பேச மாட்டேன். ஆனால் கடைசிக் காலத்தில் உங்கள் அப்பாவைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டியது அவன்தான். ஓடு சரிந்தபோது மேற்கூரையைத் தன் காசில் மாற்றியதும் அவன்தான். இதை யாராவது அவனிடம் வாய் திறந்து சொல்லியிருப்போமா? அவன் கேட்கிற பங்குக்குப் பின்னால் இந்த வருத்தம்தான் இருக்கிறதோ என்று எனக்குத் தோன்றுகிறது. ஹாஸ்டலுக்கு உங்கள் அப்பாவோடு அரை டவுசரில் வருவானே. கருப்பட்டி மிட்டாய்ப் பொட்டலத்தை யாரிடமும் கொடுக்காமல், நீ வகுப்பு முடிந்து வரும்வரை உன் கட்டிலிலேயே உட்கார்ந்திருப்பான். அந்தப் பையன்தான் இன்று எதிர்த்தரப்பு.

வாய்தா மேல் வாய்தாவாக அந்த வழக்கு இன்னும் எத்தனை வருஷம் இழுக்குமோ தெரியாது. இரண்டு பேரும் சம்மதித்தால் மக்கள் நீதிமன்றத்துக்கு, அதுதான் லோக் அதாலத்துக்கு, அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். அங்கே சமரசமாக முடிந்தால் கட்டிய கோர்ட் கட்டணம் திரும்பக் கிடைக்கும். அந்த முடிவின் மேல் அப்பீலும் கிடையாது, அத்தோடு வழக்கு தீர்ந்தது. உன் வக்கீலிடம் கேட்டுப் பார். ஆனால் அதற்கு முன்னால் நீங்கள் இரண்டு பேரும் ஒரு திண்ணையில் உட்கார வேண்டும். கோர்ட் கொடுக்கும் தாளால் வீடு பிரியும், உறவு சேராது.

அவன் முகம் கொடுக்காமல் போனால் என்ன செய்வது என்று கேட்பாய். அதற்கும் இடம் வைத்துத்தான் எழுதியிருக்கிறது. "கூடுமானால் உங்களாலானமட்டும் எல்லா மனுஷரோடும் சமாதானமாயிருங்கள்" என்று பவுல் ரோமருக்கு எழுதியிருக்கிறார். உன்னால் ஆனது எதுவோ அதுவரைக்கும்தான் உன் பொறுப்பு. நீ போய், பேசி, பங்கில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கவும் தயாராக நின்று, அப்புறமும் அவன் கதவைச் சாத்தினால், அன்றைக்கு அதை ஏற்றுக்கொள். அப்போது அந்த அம்மாவின் கவிதை உனக்கும் சொந்தம். அதுவரைக்கும் இல்லை.

தனியாகப் போக உனக்குத் தயக்கமாக இருக்கும் என்று தெரியும். பவுலும் அந்த இரண்டு சகோதரிகளை அப்படியே விட்டுவிடவில்லை. அடுத்த வசனத்திலேயே தன் கூட்டாளி ஒருவரைக் கூப்பிட்டு, நீ அவர்களுக்கு உதவியாக இரு என்று வேண்டிக்கொள்கிறார். அதை வாசித்த பிறகுதான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

மகள் மறுபடியும் மாதக் கடைசியில் வருகிறாள், ஒரு வாரம் இருப்பாள். அந்தச் சமயம் நெல்லை எக்ஸ்பிரசில் டிக்கெட் போடு. காலையில் ஸ்டேஷனுக்கு நான் வந்துவிடுகிறேன். வீட்டுக்கு வந்து குளித்து, சாப்பிட்டு, உன் தங்கச்சியையும் பார்த்துவிட்டு, திருச்செந்தூர் பாசஞ்சரில் நாசரேத் போய் இறங்குவோம். அங்கிருந்து ஊருக்கு ஆட்டோ கிடைக்கும். நாம் வருவதாக உன் தம்பியிடம் முன்கூட்டியே போனில் சொல்லட்டுமா, வேண்டாமா என்று மட்டும் எழுது. சொல்லிவிட்டுப் போவதுதான் மரியாதை என்று எனக்குப் படுகிறது. அவனுக்குப் பேத்தி பிறந்திருக்கிறாளாம், தெரியுமா? குழந்தைக்கு ஏதாவது வாங்கிக்கொண்டு வா. பத்திரக் கட்டைக் கொண்டுவராதே.

வீட்டில் தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பைச் சொல். டிக்கெட் போட்டதும் தேதியைத் தெரியப்படுத்து.

கிறிஸ்துவுக்குள் என்றும் உன்,
பழைய ரூம்மேட்