படமாக அனுப்பும் அறிவிப்புகள் குறித்து

உறுப்பினர்களுக்கு வணக்கம்.

கடந்த வாரம் கூட்டத்தின் நேரம் மாறியதை ஒரு படமாக இங்கே பகிர்ந்தோம். பார்வையற்ற உறுப்பினர் ஒருவர் பழைய நேரத்துக்கே வந்து காத்திருந்தார். அவருடைய கைபேசி அதைப் "படம்" என்று மட்டுமே வாசித்திருக்கிறது. அதைப் பகிர்ந்தவன் நான்தான். அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

திரைவாசிப்பான் என்ற வசதி எழுத்தை ஒலியாக்கும். 2009இல் வந்த ஐபோன் 3ஜிஎஸ் முதலே ஐபோன்களில் அது உள்ளிணைந்து வருகிறது. ஆண்ட்ராய்டில் அதன் பெயர் டாக்பேக். தட்டச்சு செய்த தமிழை அது வாசித்துவிடும். படத்துக்குள் பதிந்த எழுத்தை அப்படி நம்பகமாக வாசிக்காது. படங்களுக்கு ஈடான எழுத்துவடிவம் வேண்டும் என்று இணையத் தர அமைப்பான டபிள்யூ3சி 1999ஆம் ஆண்டிலேயே நெறிமுறை வகுத்தது. இத்தனை ஆண்டுகள் கழித்தும் நாம் வண்ணப் பின்னணியில் பூப்போட்டு அனுப்பிக்கொண்டிருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. கருவி அவர் கையில் இருக்கிறது. வழியை மறிப்பது நம் பழக்கம்தான்.

எனவே நாள், நேரம், இடம் ஆகியவற்றைத் தட்டச்சு செய்தே அனுப்புங்கள். படம் அவசியம் என்றால் அதன் கீழேயே இரண்டு வரி எழுதுங்கள். வரிசையாகப் பத்துக் கைகூப்பும் குறிகள் வேண்டாம். பல கைபேசிகளில் ஒவ்வொன்றின் பெயரும் காதில் ஒலிக்கும். குரல் பதிவு அனுப்பினாலும் அதன் கீழே விவரத்தை எழுதுங்கள், செவித்திறன் குறைந்தவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள்.

இனி எழுத்து இல்லாமல் வரும் அறிவிப்புப் படங்களுக்கு நானே கீழே விவரம் எழுதுகிறேன். நான் தவறவிட்டால் யாரும் எழுதலாம், அனுமதி கேட்க வேண்டியதில்லை.

— குழு நிர்வாகி