டிஜிட்டல் அவுட் இருக்கே, அத எங்க சொருகறது?

டேய் மச்சான்,

உன் லெட்டர் வந்து பத்து நாளாச்சு, லேட்டா பதில் போடறேன்னு திட்டாத. வீடு மாத்தினோம்டா, இன்னும் பாதி அட்டைப்பெட்டி பிரிக்கல, மைக் ஸ்டாண்ட் எந்தப் பெட்டிக்குள்ள போச்சுன்னே தெரியாம ஒரு வாரம் ஓடிடுச்சு. சின்னவளுக்கு முன்பல்லு ரெண்டு விழுந்திருக்கு, பேசினா பாதி காத்துதான் வருது, அதையும் ரெக்கார்ட் பண்ணி வெச்சிருக்கேன். நீ திரும்பப் பாட ஆரம்பிச்சிருக்கேன்னு படிச்சதும் ஹாஸ்டல் பாத்ரூம்ல பக்கெட்டத் தட்டிக்கிட்டு நீ பாடினதும், கதவுக்கு வெளிய டேப்ரெக்கார்டரப் புடிச்சுக்கிட்டு நான் நின்னதும்தான் ஞாபகம் வந்துச்சு. அந்த கேசட் எங்கிட்ட இருக்கு, ஆனா போட்டுக் கேக்க மெஷின்தான் இல்ல.

சரி உன் கேள்விக்கு வரேன். மைக் சத்தத்த ஏத்திக் குடுக்கற ப்ரீஆம்ப் பின்னாடி, சத்தத்த நம்பரா மாத்தி அனுப்பற டிஜிட்டல் அவுட் இருக்கு, நேரா கம்ப்யூட்டர்ல சொருகினா சுத்தமா வருமான்னு கேட்டிருக்க. அது யூஎஸ்பி ஓட்டையா இருந்தா கதையே வேற, அந்தப் பெட்டியே இன்டர்ஃபேஸ் வேலையும், அதாவது சத்தத்த கம்ப்யூட்டருக்குள்ள கொண்டுபோற வேலையும் பாத்துக்கும், ஒரு கேபிள்ல முடிஞ்சுது. மத்தபடி கம்ப்யூட்டர்ல அதுக்கு ஓட்டையே இருக்காதுடா. டெஸ்க்டாப் பின்னாடி சத்தத்த வெளிச்சமா அனுப்பற ஆப்டிகல்னு ஒண்ணு இருக்கும், அத நம்பிடாத, பெரும்பாலும் அது சத்தம் வெளிய போற வழி, உள்ள வர்ற வழி இல்ல. அதனால நடுவுல டிஜிட்டல் இன் இருக்கற இன்டர்ஃபேஸ் ஒண்ணு வேணும். அது இல்லேன்னா ப்ரீஆம்போட சாதா லைன் அவுட்ட, அதாவது நம்பரா மாத்தாம சத்தம் வர்ற ஓட்டைய எடுத்து இன்டர்ஃபேஸோட லைன் இன்ல குடு, மைக் இன்புட்ல மட்டும் குடுத்துடாத, ரெண்டு ப்ரீஆம்ப் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி சத்தம் கெட்டுப் போகும்.

பின்னாடி இருக்கற ஓட்டையும் எல்லாம் ஒண்ணு கிடையாது. டிவி பின்னாடி இருக்கற ஆர்சிஏ ஓட்டை மாதிரி வட்டமா இருந்தா அது கோஆக்சியல் எஸ்பிடிஃப், டிஜிட்டல் சத்தம் அனுப்பற ஒரு முறை, 75 ஓம் கேபிள் கேக்கும், பழைய டிவிடி பிளேயரோட வந்த மஞ்சள் வீடியோ வயர் இருந்தா அதே போதும், வீடியோ வயரும் 75 ஓம்தான். மூணு பின் வெச்ச எக்ஸ்எல்ஆர்ல வந்தா அது ஏஇஎஸ்னு இன்னொரு டிஜிட்டல் முறை, பாக்க மைக் கேபிள் மாதிரியே இருக்கும், அதுதான் வம்பே, ஞாபகமறதியா மைக் இன்புட்ல சொருகினா வெறும் இரைச்சல் வரும், அதுல மைக்குக்கு கேபிள் வழியா கரண்ட் குடுக்கற 48 வோல்ட் ஃபாண்டம் பவர் வேற ஆன்ல இருந்துச்சுன்னா அந்த வோல்டேஜ் திரும்பி ப்ரீஆம்போட அவுட்டுக்குள்ள போகும். மூணாவது சதுரமா குட்டிக் கதவு வெச்ச ஆப்டிகல், எங்கிட்ட இருக்கறது அதுதான். இந்த ஒரே ஓட்டையில ரெண்டு பாஷை பேசுவானுங்க, எஸ்பிடிஃப்னா ரெண்டு சேனல், ஏடேட்னா 48 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் எட்டு சேனல். கேபிள் அதேதான், ஆனா ஒருத்தன் பேசறது இன்னொருத்தனுக்குப் புரியாது.

முதல் நாள் ராத்திரி எனக்கு ஒரு சத்தமும் வரல. கேபிள் முனையில தெரியாத அளவுக்கு கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் மூடி இருந்திருக்கு, அத எடுக்காம அமுக்கி அமுக்கிப் பாத்திருக்கேன். எடுத்ததும் முனையில செவப்பா வெளிச்சம் தெரிஞ்சுது, ஆஹான்னு சொருகினேன், அப்பவும் ஊமைதான். இன்டர்ஃபேஸ் கன்ட்ரோல் பேனல்ல ஆப்டிகல் இன் ஏடேட்ல நின்னுட்டிருந்துச்சு, எஸ்பிடிஃப்க்கு மாத்தினேன், மீட்டர் ஆடுச்சு. வந்த சத்தம் ஒரு காதுல மட்டும்தான், ஒரு மைக்னா அது இடது சேனல்ல போகுதுடா, மோனோ ட்ராக் போட்டு இடது சேனல செலக்ட் பண்ணு, அவ்ளோதான்.

ரெண்டாவது நாள் டிக் டிக்னு ஒரு சத்தம். சீரா வந்தாலாவது ஃபேன்னு சொல்லலாம், பத்து செகண்டுக்கு ஒண்ணு, அப்புறம் கொஞ்ச நேரம் அமைதி, நாம நிம்மதியா பாட ஆரம்பிச்சதும் இன்னொண்ணு. கேபிள மாத்தினேன், பஃபர கூட்டினேன், வைஃபைய ஆஃப் பண்ணேன், மனைவி வந்து என்னையே ஆஃப் பண்ணிடுவேன்னுட்டா. பிரச்சினை க்ளாக்ல இருந்துச்சு. ப்ரீஆம்புக்குள்ள ஒரு க்ரிஸ்டல் செகண்டுக்கு 48,000 சாம்பிள், அதாவது சத்தத்தோட 48,000 துண்டு எண்ணுது, இன்டர்ஃபேஸ் க்ரிஸ்டலும் 48,000 எண்ணுது, ஆனா ஆளுக்கொரு தாளம். பத்து லட்சத்துக்கு 20 தப்பினாலே செகண்டுக்கு ஒரு சாம்பிள் கூடும் இல்ல குறையும், அது சேந்து சேந்து ஒரு இடத்துல வழுக்குது பாரு, அந்த வழுக்கல்தான் டிக். யாராவது ஒருத்தன்தான் தாளம் போடணும், மத்தவன் பின்னாடி போகணும். என் ப்ரீஆம்புக்கு வெளியில இருந்து க்ளாக் வாங்கற வழி கிடையாது, அப்ப அதுதான் மாஸ்டர், இன்டர்ஃபேஸ்ல க்ளாக் சோர்ஸ இன்டர்னல்ல இருந்து எஸ்பிடிஃப்னு மாத்தினேன், டிக் போயே போச்சு. இத முதல் நாளே பண்ணியிருந்தா நான் ரெண்டு ராத்திரி தூங்கியிருப்பேன். உன்னோடதுல வெளிய இருந்து தாளம் வாங்கற வேர்ட் க்ளாக் இன் இருந்தா இன்டர்ஃபேஸயே மாஸ்டரா வெச்சுக்கலாம், எப்படியும் ரெண்டும் மாஸ்டரா இருக்கக் கூடாது, அதுதான் விஷயம்.

அப்புறம் ஒரு கூத்து கேளு. ஒரு பாட்ட முழுசா எடுத்து ஃபோன்ல போட்டுக் கேட்டேன், குரல் கனமா, நிதானமா, எனக்கு வயசானதுல ஒரு நன்மை நடந்திருக்குன்னு சந்தோஷப்பட்டேன். மனைவி கேட்டுட்டு "இது யாரு, உங்க பெரியப்பாவா?"ன்னா. கம்ப்யூட்டர்ல ப்ராஜெக்ட் 44.1 கிலோஹெர்ட்ஸ்ல, அதாவது செகண்டுக்கு 44,100 சாம்பிள்ல இருந்துச்சு, ப்ரீஆம்ப் அனுப்பினது 48ல. வீட்டுல கேக்கும்போது இன்டர்ஃபேஸ் 48லயே ஓடினதால வித்தியாசம் தெரியல, ஃபோன்ல ஒரு நிமிஷம் 65 செகண்டா இழுத்துக்கிச்சு, சுருதி முக்கால் கட்டை கிட்ட இறங்கிடுச்சு. ப்ராஜெக்ட் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ரெண்டு எடத்துலயும் ஒரே நம்பர் இருக்கான்னு பாத்துடு.

கெயின் ப்ரீஆம்ப்ல மட்டும்தான், இன்டர்ஃபேஸ்ல இருக்கற குமிழ நான் பத்து நிமிஷம் திருகிக்கிட்டு இருந்தேன், அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. 24 பிட்ல எடு, சத்தமா பாடற எடம் மீட்டர்ல மைனஸ் 10 டெசிபல் கிட்ட நின்னா போதும், பூஜ்யத்தத் தொட்டா அங்கயே உடைஞ்சுடும், அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது.

சுத்தமா வருமான்னு கேட்டியே, உண்மையச் சொல்லட்டுமா? அதே பாட்ட லைன் அவுட் வழியாவும் எடுத்து, லெவல சமம் பண்ணி, எது எதுன்னு சொல்லாம மனைவியப் போடச் சொல்லிக் கேட்டேன், எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியல. மைக் சத்தம் எப்படியும் ஒரு தடவ நம்பரா மாறித்தானடா ஆகணும், ப்ரீஆம்புக்குள்ள மாறுதா இன்டர்ஃபேஸுக்குள்ள மாறுதாங்கறதுதான் வித்தியாசம். ஒருவேள உன் இன்டர்ஃபேஸ் ரொம்பப் பழசா இருந்தா வித்தியாசம் கேக்கலாம். நான் டிஜிட்டல்லயே வெச்சிருக்கேன், ஏன்னா இன்டர்ஃபேஸ் முன்னாடி ரெண்டு இன்புட்டும் ஃப்ரீயா இருக்கு, கீபோர்ட அதுல குடுத்துக்கறேன். இத விட ஜன்னல்ல போர்வை தொங்கவிட்டதுல எனக்குக் கெடச்ச லாபம் ஜாஸ்தி.

அப்பாவுக்கு கண் ஆபரேஷன்னு எழுதியிருந்தியே, எப்படி இருக்கார், படிக்க முடியுதா? உன் பெட்டியோட பின்பக்கத்தையும் இன்டர்ஃபேஸோட பின்பக்கத்தையும் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, நான் பாத்துச் சொல்ற வரைக்கும் எதையும் வாங்காத, எதையும் சொருகாத.

உன் பழைய ரூம்மேட்