எலும்பு எக்ஸ்ரே படங்களைப் படித்தறிய மருத்துவப் பணியாளர்களுக்குப் பயிற்சி வேண்டி மனு

அனுப்புநர்:
ஓய்வு பெற்ற நுண்கதிர் வீச்சாளர்,
சேரன்மகாதேவி வட்டம், திருநெல்வேலி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், கொக்கிரகுளம், திருநெல்வேலி.

பொருள்: எலும்பு, மூட்டு எக்ஸ்ரே படங்களை முதலில் பார்க்கும் பணியாளர்களுக்குத் தொடர் பயிற்சி அளிக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பணிக்காலம் முழுவதையும் எக்ஸ்ரே அறையில் கழித்து ஓய்வு பெற்றவன் நான். எக்ஸ்ரே கருவி இன்று வட்ட அளவிலேயே கிடைக்கிறது. ஆனால் இரவில் அந்தப் படத்தைக் கையில் வாங்கும் பணி மருத்துவருக்கு அருகில் கதிரியக்க மருத்துவரோ எலும்பு மருத்துவரோ பெரும்பாலும் இருப்பதில்லை. அவர் கண்ணுக்குத் தெரிவதே நோயாளிக்குத் தீர்ப்பாகிவிடுகிறது.

பல ஆண்டுகளுக்கு முன், திசையன்விளைப் பக்கத்துப் பனையேறும் தொழிலாளி ஒருவர் கையை ஊன்றி விழுந்து, மணிக்கட்டு வலியோடு நான் பணியாற்றிய மருத்துவமனைக்கு வந்தார். நேராக ஒன்றும் பக்கவாட்டில் ஒன்றுமாக இரண்டு படங்கள் எடுத்துக் கொடுத்தேன். முறிவு இல்லை, சுளுக்குதான் என்று மாத்திரையும் களிம்பும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். கட்டைவிரலின் அடிக்குழியில் விரல் பட்டதும் அவர் துடித்ததை நான் பார்த்தேன். அது, மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமுள்ள சிறிய எலும்பான படகெலும்பின் முறிவுக்கு அறிகுறி என்பதும், அதற்குத் தனிக் கோணத்தில் படம் எடுக்க வேண்டும் என்பதும் அன்று எனக்குத் தெரியாது. மாதங்கள் கழித்து அவர் திரும்பி வந்தபோது எலும்பு கூடாமலே நின்றிருந்தது. பாளை சீவும் அரிவாளை அந்தக் கையால் இறுக்கிப் பிடிக்க அவரால் முடியவில்லை. அந்தப் படத்தை எடுத்தவன் நான் என்பது இன்றும் என்னை உறுத்துகிறது.

படகெலும்பு முறிவு முதல் நாள் படத்தில் தெரியாமலே போகலாம். ஆகவே குழியில் வலி இருந்தால், படம் சரியாகத் தோன்றினாலும் மணிக்கட்டை அசையாமல் கட்டி வைத்து, 10 முதல் 14 நாட்களுக்குள் மீண்டும் படம் எடுத்துப் பார்க்க வேண்டும். இந்த எலும்புக்கு இரத்தம் பெரும்பாலும் விரல் பக்கத்திலிருந்தே செல்வதால், கவனிக்கப்படாத முறிவில் மறுபகுதி இரத்தமின்றிச் செத்துப்போகவும் கூடும். சொல்லிக் கொடுக்க அரைமணி நேரம்கூட ஆகாத இந்தச் செய்தி தெரியாததால் ஒருவரின் பிழைப்பு போய்விடுகிறது.

குழந்தைகளின் முழங்கை இதைவிடக் கடினமானது. அங்கே குருத்தெலும்பு எலும்பாக மாறத் தொடங்கும் இடங்களான ஆறு எலும்பு மையங்கள் ஏறத்தாழ 1 வயது முதல் 11 வயதுவரை ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றுகின்றன. அந்த வரிசை தெரியாதவர் இயல்பான வளர்ச்சிக் கோட்டை முறிவென்று எண்ணி மாவுக்கட்டுப் போடுகிறார். பிய்ந்து விலகிய எலும்புத் துண்டை இயல்பான மையமென்று எண்ணி விட்டுவிடுகிறார். வழுக்கி விழுந்த முதியவரின் தொடையெலும்புக் கழுத்தில் விலகாத விரிசலும் அப்படியே. ஒன்றுமில்லை என்று நடக்கவிட்டால் அது முழுவதுமாக விலகிவிடும். படத்தில் ஒன்றுமில்லை என்று அனுப்பப்பட்டவர் வலி தாளாமல் எண்ணெய்க் கட்டுப் போடும் வைத்தியரிடம் போனால், அதை அறியாமை என்று பழிப்பது நியாயமில்லை.

இக்குறையைத் தீர்க்கப் புதிய கருவியோ கட்டடமோ தேவையில்லை. 1965ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியின் கதிரியக்கத் துறையும் எலும்பு சிகிச்சைத் துறையும் இணைந்து, நோயாளியின் பெயரும் அடையாளமும் நீக்கப்பட்ட பழைய படங்களைத் தொகுத்து, மாதம் ஒரு முறை அரைநாள் பயிற்சி நடத்தினால் போதும். இயல்பான படங்களும் அத்தொகுப்பில் கலந்திருப்பது அவசியம். முறிந்த எலும்பை மட்டுமே பார்த்துப் பழகிய கண்ணுக்கு எல்லாமே முறிவாகத் தோன்றும். விரிவுரையால் மட்டும் இந்தத் திறன் வராது. பயிற்சி பெறுபவர் ஒவ்வொரு படத்துக்கும் தன் முடிவை முதலில் எழுத வேண்டும். பிறகுதான் சரியான விடையையும் அதன் காரணத்தையும் காட்ட வேண்டும். ஒன்றிரண்டு படங்களில் இது கைவராது, நூற்றுக்கணக்கில் பார்க்க வேண்டும் என்பது என் அனுபவம்.

இப்பயிற்சி பணி மருத்துவர்களோடு நின்றுவிடாமல், செவிலியர், இயன்முறை மருத்துவர், நுண்கதிர் வீச்சாளர் ஆகியோருக்கும் கிடைக்க வேண்டும். பிரிட்டனில் 1980களிலேயே, படம் எடுப்பவர் ஐயம் தோன்றிய படத்தில் சிவப்புப் புள்ளி ஒட்டி மருத்துவரை எச்சரிக்கும் வழக்கம் ஏற்பட்டது. படத்தை முதலில் காண்பவர் அவர்தான் என்பதால், அந்த உரிமையையும் அதற்கான கல்வியையும் இங்கும் அளிக்குமாறு வேண்டுகிறேன். தவறவிட்ட முறிவுகளை, யாரையும் தண்டிக்கும் நோக்கமின்றி, ஒரு பதிவேட்டில் குறித்து அடுத்த மாதப் பயிற்சிக்கே பாடமாக்கலாம்.

ஆகவே, மருத்துவக் கல்லூரி முதல்வர் அவர்களையும் நலப்பணிகள் இணை இயக்குநர் அவர்களையும் அழைத்துக் கலந்து பேசி, அம்பாசமுத்திரம், நாங்குநேரி, ராதாபுரம் உள்ளிட்ட வட்டங்களின் பணியாளர்களுக்கு இப்பயிற்சியைத் தொடங்க ஆணையிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். படங்களைத் தொகுத்து வரிசைப்படுத்தும் பணியில் ஊதியமின்றி உதவ நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்