சம்பளச் சீட்டு இல்லாதவளிடமிருந்து: மலைப்பகுதி வங்கிக் கிளை மேலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மேலாளர்களுக்கு, வணக்கம்.

கீழ்ப்பழனி மலையில், பண்ணைக்காட்டுக்கும் தாண்டிக்குடிக்கும் இடைப்பட்ட ஒரு சிற்றூரிலிருந்து எழுதுகிறேன். கடந்த ஐப்பசியில் உங்களில் ஒருவரிடம் 1,20,000 ரூபாய் கடன் கேட்டு வந்தேன். ஒரு மடிக்கணினி, ஓர் இன்வெர்ட்டர், இரண்டு பேட்டரி வாங்குவதற்காக. மழைக்காலத்தில் மரம் சாய்ந்து கம்பி அறுந்தால் இங்கே மின்சாரம் எப்போது திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. உங்கள் கிளையில் ஜெனரேட்டர் இருக்கிறது; என் வீட்டில் இல்லை.

கடன் பிரிவு அதிகாரி முதலில் கேட்டது சம்பளச் சீட்டு. இல்லை என்றேன். "வீட்டுக்காரர் என்ன செய்கிறார்?" என்றார். திருமணம் ஆகவில்லை என்றேன். "அப்பா பெயரில் பட்டா இருக்கிறதா?" என்றார். கடைசி வரை, நான் என்ன செய்கிறேன் என்று அவர் கேட்கவே இல்லை. ஆகவே இங்கே சொல்லிவிடுகிறேன்.

ஞாயிறு விடியற்காலை ஐந்தரை மணிக்கு, அமெரிக்காவில் வளரும் ஒன்பது பிள்ளைகளுக்கு இணைய வழியே தமிழ் சொல்லித் தருகிறேன். அவர்களுக்கு அப்போது சனிக்கிழமை மாலை. அந்தப் பாடங்களைத் தொகுத்து எழுத்துப் பயிற்சி ஏடு ஒன்று செய்தேன். ஒருமுறை உழைத்தது, இன்றும் மாதம் பத்துப் பதினைந்து பேர் காசு கொடுத்துத் தரவிறக்குகிறார்கள். பாடக் காணொளிகளுக்குத் தமிழ் வசன வரிகள் எழுதிக் கொடுக்கிறேன். எங்கள் தோட்டத்து மிளகையும் காபித்தூளையும் பார்சலில் அனுப்புகிறேன். தோட்ட வேலைகளைப் படம்பிடித்து யூடியூபில் போடுகிறேன்.

ஊரில் எல்லோரும் அந்தக் கடைசி ஒன்றைத்தான் என் தொழில் என்று நினைக்கிறார்கள். உண்மையில் ஐந்திலும் மிகக் குறைவாகத் தருவது அதுதான். நீளக் காணொளிகளின் விளம்பர வருவாயில் 55 சதவீதம் எங்களுக்கு. ஆனால் கணக்கில் 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் வரும். சேராவிட்டால் அடுத்த மாதத்துக்குப் போய்விடும். நான் அந்தக் கோட்டைத் தொடுவது ஆண்டுக்கு நான்கைந்து முறை. அதை மட்டும் நம்பி யாராவது கடன் கேட்டால், கொடுக்காதீர்கள் என்று நானே சொல்வேன்.

வேடிக்கை என்னவென்றால், அந்த டாலர் வந்து சேருவது உங்கள் கிளைக்குத்தான். எதற்காக வந்த பணம் என்று நோக்கக் குறியீடு கேட்கிறீர்கள், படிவத்தில் கையெழுத்து வாங்குகிறீர்கள், கட்டணம் பிடித்துக்கொள்கிறீர்கள். ஒரு மேசையில் என் வருமானம் இன்ன வகை என்று எழுதி வாங்கிவிட்டு, நான்கடி தள்ளியிருக்கும் அடுத்த மேசையில் வருமானத்துக்கு ஆதாரம் கேட்டால் நான் என்ன செய்வது?

என் அப்பாவுக்கு நீங்கள் யோசிக்காமல் கடன் கொடுத்திருக்கிறீர்கள். அவருடைய இரண்டு ஏக்கரில் என்ன இருக்கிறது? சில்வர் ஓக் நிழலில் காபி, அந்த மரத்திலேயே ஏறிய மிளகுக் கொடி, இடையில் மலைவாழை, வேலியோரம் சில ஆரஞ்சு. காபி காய்க்காத வருடம் மிளகு காப்பாற்றும். மிளகு விலை விழுந்தால் வாழைத்தார் வாரச் செலவுக்கு ஆகும். மாதாமாதம் ஒரே தொகை அவருக்கும் வந்ததில்லை. கலப்புப் பயிர் என்றால் உங்கள் அதிகாரிக்கு நம்பிக்கை வருகிறது. நான் செய்வதும் அதுதான். மண் மட்டும் கண்ணுக்குத் தெரிவதில்லை.

என் பக்கத்திலும் பிழை உண்டு. வருமான வரிச் சட்டத்தின் 44ஏடி பிரிவு, வங்கி வழியே வரும் வியாபார வரவில் குறைந்தது 6 சதவீதத்தை லாபமாகக் காட்ட அனுமதித்தது. முதல் ஆண்டு, விவரம் தெரியாமல், எல்லா வரவையும் கூட்டி அந்த ஆறு சதவீதத்தையே காட்டிவிட்டேன். கையில் நின்றதோ அதைவிடப் பல மடங்கு. அந்தத் தாளைப் பார்த்தால் நான் மாதம் இரண்டாயிரத்தில் வாழ்கிறவள். உங்கள் அதிகாரி சிரித்ததில் தவறில்லை. அடுத்த இரண்டு ஆண்டுகளும் உள்ளதை உள்ளபடி காட்டியிருக்கிறேன். அந்தத் தாள்களை அவர் புரட்டவில்லை என்பதுதான் என் குறை.

புதிய சலுகை எதையும் நான் கேட்கவில்லை. சிறுதொழில் கடனுக்காக 2015-இல் தொடங்கிய முத்ரா திட்டத்தில், 50,000 ரூபாய்க்கு மேல் 5 லட்சம் வரை 'கிஷோர்' என்று ஒரு பிரிவு இருக்கிறது. பிணையாகச் சொத்து கேட்க வேண்டியதில்லை. சிறுதொழில் என்று அரசிடம் பதிந்ததற்கான உத்யம் சான்று என்னிடம் இருக்கிறது. அப்பாவின் பட்டாவை இதற்குள் இழுக்க நான் விரும்பவில்லை; அதில் இரண்டு அண்ணன்களுக்கும் பங்கு இருக்கிறது.

கேட்பது ஒன்றே: ஒரு மாதத்தை மட்டும் பார்க்காதீர்கள். ஆனியில் என் கணக்கில் எண்ணாயிரம்தான் வந்தது; அமெரிக்காவில் பள்ளி விடுமுறை, வகுப்பு இல்லை. தை மாதத்தில் மிளகும் ஏடும் சேர்ந்து அறுபதாயிரத்தைத் தாண்டியது. இருபத்துநான்கு மாதத்தையும் கூட்டி வகுத்துப் பாருங்கள். அந்தச் சராசரிக்குத் தகுந்த தவணை போடுங்கள். அது 80,000 ரூபாய்க்குத்தான் வரும் என்றால், 80,000 கொடுங்கள். ஒரு பேட்டரியோடு சமாளித்துக்கொள்கிறேன்.

வரும் திங்கட்கிழமை காலை பஸ்ஸில் மறுபடி வருகிறேன். கையில் இரண்டு ஆண்டு வரித் தாக்கல், உத்யம் சான்று, உங்கள் கிளையே அச்சிட்டுக் கொடுத்த கணக்கு விவரம் ஆகியவை இருக்கும். பதினொன்றரைக்குத் திரும்பும் பஸ்ஸை விட்டால் அடுத்தது மாலையில்தான். அதற்குள் பார்த்துவிட்டால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்களில் ஒருத்தி