ஏற்றத்தைக் கேட்கிறீர்கள், பிரேக்கைக் கேட்பதில்லை: பெங்களூரு சைக்கிள் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

பெங்களூரிலிருந்து அஞ்செட்டி வழியாக ஒகேனக்கல்லுக்கும், ஏலகிரி, ஏற்காடு, கொல்லிமலைக்கும் சைக்கிள் பயணம் அழைத்துப்போகும் குழுக்களின் ஒருங்கிணைப்பாளர்களுக்கு வணக்கம்.

உங்கள் அறிவிப்புகளில் எத்தனை கிலோமீட்டர், எத்தனை மீட்டர் ஏற்றம் என்பதெல்லாம் தெளிவாக இருக்கிறது. சேர வருகிறவரிடம் நூறு கிலோமீட்டர் ஓட்டிய பழக்கம் உண்டா என்று கேட்கிறீர்கள். நல்லது. ஆனால் அவருடைய பிரேக் கட்டையில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது, பின்சக்கரத்தின் பெரிய பல்சக்கரத்தில் எத்தனை பல் என்று யாரும் கேட்பதில்லை. மலைப்பாதையில் ஆளை விழவைப்பதும் நடக்கவைப்பதும் பெரும்பாலும் இந்த இரண்டும்தான்.

நம் ஊர் இருக்கும் இடமே இதை இன்னும் சிக்கலாக்குகிறது. பெங்களூரு 900 மீட்டருக்கு மேல் இருக்கும் மேட்டுநிலம். ஒகேனக்கல் அதைவிட 600 மீட்டருக்கும் அதிகமாகத் தாழ்வு. அதாவது இந்த வழியில் மலை முதலில் இறங்குகிறது, திரும்பும்போதுதான் ஏறுகிறது. புதியவர் காலைக் குளிரில் சுகமாக இறங்கிவிடுவார். மறுநாள் வெயிலில், களைத்த காலோடு, மூட்டையோடு ஏற வேண்டும். "எல்லாம் இறக்கம்தான், சுலபம்" என்று சொல்லி யாரையும் சேர்க்காதீர்கள்.

முதலில் இறக்கம். ஆளும் சைக்கிளும் பையும் சேர்ந்து 100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 500 மீட்டர் உயரம் இறங்கினால் கிட்டத்தட்ட 490 கிலோஜூல் ஆற்றல் எங்காவது போயாக வேண்டும். ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க அது போதும். வேகமாகப் போனால் அதில் பெரும்பங்கைக் காற்று வாங்கிக்கொள்ளும். பயந்து பிரேக்கை அழுத்தியபடியே மெல்ல இறங்குகிறவருக்கோ ஏறக்குறைய முழுவதும் பிரேக்கில்தான் இறங்கும். குழுவில் மிகவும் ஜாக்கிரதையாக இறங்குகிறவரின் சக்கரம்தான் பல நேரம் அதிகம் சூடாகிறது.

ரிம் பிரேக் (சக்கரத்தின் விளிம்பையே கட்டை பிடிப்பது) என்றால் அந்தச் சூடு ரிம்முக்கு, அதாவது விளிம்புக்குப் போகும். டியூபுக்குள் அழுத்தம் ஏறும், ரிம்முக்கும் டியூபுக்கும் இடையே ஒட்டியிருக்கும் ரிம் டேப் இளகும், வளைவின் நடுவே டியூப் வெடிக்கும். கார்பன் ரிம்மோடு வருகிறவர்களை நீண்ட இறக்கத்துக்குக் கூட்டிப்போக வேண்டாம் என்பது எங்கள் கருத்து. டிஸ்க் பிரேக்கில் (சக்கர அச்சருகே உள்ள தகட்டைப் பிடிப்பது) ரெசின் பேட், அதாவது பிசின் கலந்த பிரேக் கட்டை, பளபளப்பாகிப் பிடிமானம் குறையும். டாட் (DOT) வகைப் பிரேக் திரவத்தின் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக் என்றால், பழைய திரவம் ஈரத்தை உறிஞ்சியிருக்கும். சூட்டில் அது சீக்கிரம் கொதித்து, லீவர் கைப்பிடிவரை வந்துவிடும். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றக் கூடாது, தகடு கோணிக்கொள்ளும்.

ஆகவே புதியவர்களுக்குக் கிளம்பும் முன்பே இதைக் கற்றுக்கொடுங்கள்: நேர்ப்பாதையில் பிரேக்கை விட்டுவிட வேண்டும்; வளைவுக்கு முன்பு, சைக்கிள் நிமிர்ந்து நிற்கும்போதே, இரண்டு பிரேக்கையும் அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைக்க வேண்டும்; வளைவுக்குள் விட்டுவிட வேண்டும். உடல் பின்னால், வெளிப்பக்கக் கால் கீழே. கொண்டை ஊசி வளைவின் உள்விளிம்பில்தான் ஜல்லித்தூள் சேரும், அங்கே முன்பிரேக்கைத் தொட்டால் சக்கரம் வழுக்கும். ஏலகிரியில் 14 வளைவு, ஏற்காட்டில் 20, கொல்லிமலையில் 70. கைவிரல் மரத்துப்போனாலும், ரிம்மில் விரல் வைக்க முடியாத சூடு இருந்தாலும் பத்து நிமிடம் நிற்கச் சொல்லுங்கள். டிஸ்க்கைத் தொட்டுப் பார்க்க வேண்டாம், தோல் வெந்துவிடும். கருகல் வாடையே போதுமான அடையாளம்.

டிஸ்க் பேடில் உராயும் பகுதி அரை மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றியே ஆக வேண்டும்; மலைக்கு ஒரு மில்லிமீட்டராவது இருக்கட்டும். ரிம் பிரேக் கட்டையில் கோடுகள் தேய்ந்து மறைந்திருந்தால் புதிது போட வேண்டும். கட்டையைக் கழற்றிப் பார்த்தால் ரப்பருக்குள் அலுமினியத் துணுக்குகள் மின்னும். ஊசியால் நெம்பி எடுக்காவிட்டால் அவை ரிம்மையே அரித்துவிடும்.

கியருக்கு வருவோம். சாலை சைக்கிளில் முன்னால் 34 பல், பின்னால் 28 என்றால் மூட்டையோடு 8 சதவீத ஏற்றத்தில் பெரும்பாலானோருக்கு முட்டி வலிக்கும். 35 மில்லிமீட்டர் டயரில் முன்னால் 24, பின்னால் 34 இருந்தால் மிதிப்பது லேசு, ஒரு முழுச் சுற்று மிதிக்கு ஒன்றரை மீட்டர்தான் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு ஐந்தரை கிலோமீட்டர். அந்த வேகம் போதும். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை என்று நீங்களே சொல்ல வேண்டும்.

டிசம்பர், ஜனவரியில் போகிறவர்கள் இதை மறக்கவே கூடாது. கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கிராமச் சாலைகளில் கேழ்வரகுக் கதிரையும் கொள்ளுச் செடியையும் வண்டிகள் ஏறித் தாளடிக்கப் பரப்பியிருப்பார்கள். கார் ஓட்டுகிறவருக்கு அது மெத்தென்று இருக்கும். சைக்கிளில் கொள்ளுக்கொடி செயினோடு ஏறி, பின்கியரின் சிறு உருளைகளில் சுற்றி, மொத்த கியரையும் சக்கரக் கம்பிக்குள் இழுத்துவிடும். பின்கியரைச் சைக்கிளின் ஃபிரேமோடு பிடித்திருக்கும் ஹேங்கர் என்ற சிறு துண்டு உடைந்தால், அதே ஃபிரேமுக்கு உரிய ஹேங்கர்தான் பொருந்தும், வழியிலுள்ள எந்தக் கடையிலும் கிடைக்காது. பரப்பிய இடத்தில் இறங்கி, சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஓரமாகப் போங்கள். விவசாயியிடம் சண்டை வேண்டாம், அவருடைய ஒரு வருடத்து உழைப்பு அங்கே கிடக்கிறது. அதே கேழ்வரகைத் தேடித்தான் யானைகளும் தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வருகின்றன. அஞ்செட்டிக் காட்டுப்பாதையில் நன்றாக விடிந்த பிறகுதான் நுழைய வேண்டும், பொழுது சாய்வதற்குள் வெளியே வந்துவிட வேண்டும். வனத்துறையினர் திருப்பி அனுப்பினால் பேசாமல் திரும்புங்கள்.

மற்றவை சுருக்கமாக: கேரியர் போல்ட்டுகளைத் தினமும் மாலையில் முறுக்கிப் பார்க்கவும். பையின் வார் எதுவும் தொங்கக் கூடாது. ஆளுக்கு இரண்டு டியூப் வேண்டும். கருவேல முள் டயருக்குள்ளேயே முறிந்து நிற்கும். பஞ்சுத் துணுக்கால் உட்புறத்தைத் தடவினால் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். அதை எடுக்காமல் புது டியூப் போடுவது வீண்.

எங்கள் வேண்டுகோள் ஒன்றே. பயணத்துக்குப் பத்து நாள் முன்பே ஒவ்வொருவரிடமும் மூன்று படங்கள் வாங்குங்கள்: முன்பிரேக் கட்டை, பின்பிரேக் கட்டை, பின்சக்கரப் பல்சக்கரம். பேடும் ஹேங்கரும் வரவழைக்க அவ்வளவு நாள் பிடிக்கும். கடைசி நாளில் கேட்டால், குறை தெரிந்தும் கூட்டிப்போக வேண்டிய நிலை உங்களுக்கு வந்துவிடும்.

இப்படிக்கு,
பெங்களூரில் சைக்கிள் ஓட்டும், பழுது பார்க்கும் தமிழ் நண்பர்கள்