உன் முதுகு உடைந்துவிட்டது

அன்புள்ள ஒட்டகத்துக்கு,

நலமா என்று கேட்கக்கூட எனக்கு உரிமையில்லை. உனக்கு ஆபரேஷன் முடிந்து இரண்டு வருடம் ஆகிறது, ஒரு தடவைகூட வந்து பார்க்கவில்லை, போனில் பேசியதும் மூன்று நிமிடம். சமாதானம் எதுவும் சொல்லப் போவதில்லை. திட்டுவதாக இருந்தால் முழுக்கத் திட்டி எழுது. இங்கே எல்லோரும் சௌக்கியம். மாஸ்டருக்குக் கண் பார்வை குறைந்துவிட்டது, ஆனாலும் களிமண்ணைத் தொட்டே 'ஈரம் பத்தலை' என்று சொல்லிவிடுகிறார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் முதுகு உடைந்துவிட்டது. கடைசி வருடத்தில் உன்னைக் குப்புறப் படுக்கவைத்து அச்சு எடுத்தேனே, அந்த ரப்பர் பால் முதுகு. ஒரு கண்காட்சிக்குக் கேட்டார்கள் என்று போன வாரம் பெட்டியைத் திறந்தேன். வலைத்துணி வைத்து, ஒவ்வொரு பூச்சும் பால் வெள்ளை போய்த் தேன் நிறமாகும் வரை காத்திருந்து, அம்மோனியா நெடியில் நீ மூக்கைப் பிடித்துக்கொண்டு என்னைத் திட்டிக்கொண்டே விசிறியதெல்லாம் ஞாபகம் இருக்கிறதா? தோளில் இருந்த மச்சம், இடுப்புக் கயிறு பதிந்த தடம், தோலின் துளைகள் எல்லாமே அதில் விழுந்திருந்தன. இப்போது அது கரும்பழுப்பு. தோள்பட்டை சருகு போல நொறுங்குகிறது, மடிந்திருந்த இடம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிரிய மறுக்கிறது.

மோசமானது முதுகெலும்பு. எரிந்துபோன மோட்டாரிலிருந்து செம்புக் கம்பியை உருவி, வார்னிஷைச் சுட்டெடுத்து, முறுக்கி உள்ளே வைத்துத் தைத்தேன் அல்லவா, அது தொட்ட இடமெல்லாம் முதலில் பிசுபிசுத்து, அப்புறம் கறுத்து, கடைசியில் பிளந்திருக்கிறது. செம்பு ரப்பருக்கு விஷமாம், காற்றிலுள்ள ஆக்சிஜன் ரப்பரைத் தின்னும் வேலையை அது பல மடங்கு வேகப்படுத்திவிடும். செம்பு வேண்டாம், பச்சைக் களிம்பு பிடிக்கும் என்று நீ சொன்னாய். காரணம் வேறு, ஆனால் நீ சொன்னதுதான் சரி.

இரண்டு நாள் தூங்கவில்லை. மூன்றாம் நாள், ரப்பர் பாலில் வேலை செய்த சிற்பி ஈவா ஹெஸ்ஸேயைப் பற்றித் திரும்பப் படிக்க ஆரம்பித்தேன். 1970இல், இறப்பதற்குச் சில மாதங்கள் முன்பு, ஒரு பேட்டியில் சொல்கிறாள்: என் வேலையை வாங்க வருகிறவர்களைப் பார்த்தால் கொஞ்சம் குற்ற உணர்வாக இருக்கிறது, இது நிலைக்காது என்று அவர்களுக்குக் கடிதம் எழுத வேண்டும் போலிருக்கிறது என்று. அப்போது வயது 34. கான்பெராவில் இருக்கிற அவளுடைய 'கன்டின்ஜென்ட்' 1969இல் செய்தது, மேலிருந்து தொங்கும் எட்டுத் துணிகள். நடுவில் ரப்பர் பால் பூசிய பகுதி கறுத்துக்கொண்டே போகிறது, இரண்டு முனையிலும் இருக்கும் ஃபைபர்கிளாஸ் இன்னும் வெளிச்சத்தை உள்ளே விடுகிறது. கல்லூரியில் அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்கு வெறும் துணியாகத்தான் தெரிந்தது. இப்போது தோல் தெரிகிறது, தோலுக்கு வயதாவது தெரிகிறது.

பழைய பிளாஸ்டர் அச்சு பரணில் பத்திரமாக இருக்கிறது. அதில் புதிதாக ஊற்றிக்கொடு, யாருக்குத் தெரியும் என்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. இன்று ஊற்றினாலும் இருபது வயது முதுகுதான் வரும். அந்த முதுகு உன்னிடமே இல்லையே.

ஆபரேஷனுக்குப் பிறகு முதுகுக்குள் இரண்டு தண்டு, ஆறு திருகு, எல்லாம் டைட்டானியம் என்று நீ அந்த மூன்று நிமிடத்தில் சொன்னது என்னை விடவே இல்லை. 1950களில் பிரனெமார்க் என்ற ஸ்வீடன்காரர் முயலின் எலும்புக்குள் டைட்டானியக் கூடு ஒன்றை வைத்து ஆராய்ந்திருக்கிறார். வேலை முடிந்து கழற்றப் பார்த்தால் வரவில்லை, எலும்பு அதைப் பிடித்துக்கொண்டு வளர்ந்துவிட்டது. நான் வைத்த உலோகம் தோலைத் தின்றது, உனக்கு வைத்ததை எலும்பு தன்னோடு சேர்த்துக்கொண்டது. இதைத்தான் செய்ய வேண்டும், வேறு எதுவும் வேண்டாம் என்று தோன்றுகிறது. உடைந்த முதுகை ஒட்டாமல் அப்படியே வைத்து, பக்கத்தில் உன் இப்போதைய முதுகு, தழும்போடு, உள்ளே டைட்டானியத் தண்டோடு.

கேட்கலாமா என்று தெரியவில்லை. போலந்துச் சிற்பி அலீனா ஷபோச்னிகோவ் மார்பகப் புற்று வந்தபோது, 1971இல், பாலியெஸ்டர் பிசினிலும் காஸ் துணியிலும் கட்டிகளைச் செய்து அவற்றுக்குத் தன் முகத்தையே வைத்தாள். ஆனால் அது அவளுடைய உடம்பு, அவளுடைய நோய். நான் கேட்பது உன்னுடையதை, அதுவும் வலித்தபோது பக்கத்தில் இல்லாமல் இருந்துவிட்டு. உனக்குக் கோபம் வந்தால் அது நியாயம்தான்.

சம்மதம் என்றால் முதலில் டாக்டரிடம் கேள். குப்புறப் படுக்க வேண்டாம், நாற்காலியைத் திருப்பிப் போட்டு அதன் முதுகில் சாய்ந்தால் போதும், அரை மணி நேரம். பிளாஸ்டர் இறுகும்போது சூடாகும், உனக்குத்தான் தெரியுமே, தழும்பு மேல் வாசலின் கூடுதலாகத் தடவிவிடுகிறேன். முடியாது என்றாலும் அடுத்த மாதம் வருகிறேன், அச்சுச் சாமான் எதுவும் எடுக்காமல், சும்மா உன்னைப் பார்க்க.

உன்
சுண்டெலி