விலகியிருக்கும் நாள்கள்: தோழிக்கு ஒரு கடிதம்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் கணவருக்கு, நான் அண்ணன் என்று அழைப்பவருக்கு, புராஸ்டேட் புற்றுநோயில் ஹார்மோன் ஊசியும் கீமோவும் பலன் தருவது நின்றுவிட்டதையும், பெட் ஸ்கேனில் இடுப்பெலும்பிலும் முதுகெலும்பிலும் நோய் தெரிவதையும், மருத்துவர் லுட்டீஷியம் என்னும் கதிரியக்க ஊசி சிகிச்சைக்கு எழுதிக் கொடுத்திருப்பதையும் படித்தேன். என் கணவர் அதே சிகிச்சையைப் பெற்றவர் என்பதால், நீ கேட்டவற்றுக்கெல்லாம் நான் அருகிலிருந்து பார்த்ததையும் தேடிப் படித்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். உனக்கு வெறும் ஆறுதல் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. உள்ளதை உள்ளபடி சொல்கிறேன்.

மருந்து உடலுக்குள் என்ன செய்கிறது என்பது விளங்கிவிட்டால், வீட்டில் செய்ய வேண்டியவற்றுக்கான காரணங்களும் தாமாகவே விளங்கிவிடும். புராஸ்டேட் புற்றணுக்களின் மேற்பரப்பில் பி.எஸ்.எம்.ஏ. என்னும் புரதம் மிகுதியாக இருக்கிறது. அதைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும் சிறு மூலக்கூறுகளை ஜெர்மனியில் ஹைடல்பர்க் நகர ஆராய்ச்சியாளர்கள் உருவாக்கினார்கள். அத்தகைய மூலக்கூறில் காலியம்-68 என்னும் கதிரியக்கத் தனிமத்தைச் சேர்த்துச் செலுத்தினால், புற்றணு எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் ஸ்கேனில் ஒளிரும். அண்ணனுக்கு எடுத்தது அதுதான். காலியத்துக்குப் பதில் லுட்டீஷியம்-177 சேர்த்தால் அதுவே சிகிச்சையாகிறது. லுட்டீஷியம் வெளியிடும் பீட்டா துகள்கள் திசுவுக்குள் ஏறக்குறைய 2 மில்லிமீட்டருக்கு மேல் செல்வதில்லை. ஆகவே ஒட்டிய இடத்தையும் அதன் அருகையும் மட்டுமே சுடுகின்றன. அதே தனிமம் ஓரளவு காமா கதிரையும் வெளியிடுகிறது. அது உடலைக் கடந்து வெளியே வரும். மருந்து எங்கே போய்த் தங்கியது என்று பிறகு படம் பிடித்துப் பார்க்க முடிவதும் அந்தக் கதிரால்தான், வீட்டார் சில நாள் விலகியிருக்க நேர்வதும் அந்தக் கதிரால்தான்.

ஊசி போடும் தேதியை ஏன் நம் வசதிக்கு மாற்றித் தர மாட்டேன் என்கிறார்கள் என்று வருந்தியிருக்கிறாய். லுட்டீஷியம்-177 இன் அரை ஆயுள் 6.65 நாள், ஒரு வாரத்தில் பாதிக்கு மேல் சிதைந்துவிடும். முன்கூட்டியே செய்து அலமாரியில் வைத்துக்கொள்ளும் மருந்தன்று அது. நம் நாட்டில் மும்பையின் டிராம்பேயிலுள்ள துருவா அணு உலையில் அதை உற்பத்தி செய்கிறார்கள் என்பதை அறிந்தபோது எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது. ஒருவருக்கென்று கணக்கிட்டு வரவழைத்த மருந்து என்பதால், அந்த வாரத்தில் அண்ணனுக்குக் காய்ச்சலோ சிறுநீர்த் தொற்றோ வராமல் பார்த்துக்கொள்வது உன் முதல் வேலை. சிறு அறிகுறி இருந்தாலும் முன்னதாகவே தொலைபேசியில் சொல்லிவிடு.

மருத்துவமனையில் நடப்பது மிகக் குறைவு. இரத்தத்தில் ஹீமோகுளோபின், தட்டணுக்கள், சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ஆகியவற்றைச் சரிபார்ப்பார்கள். பிறகு கையில் ஊசி வழி திறந்து, ஈயக் காப்புக்குள்ளிருந்து மருந்தைச் செலுத்துவார்கள். சில நிமிடங்களில் முடிந்துவிடும், வலி கிடையாது. அதற்குப் பிறகுதான் கடினமான பகுதி தொடங்குகிறது. நோயாளியைத் தனி அறையில் வைத்துவிடுவார்கள். அந்த அறையின் கழிவுநீருக்கென்றே தனித் தொட்டி உண்டு. செவிலியர் வாசலில் நின்று நலம் கேட்பார், உணவு மேசையில் வைக்கப்படும், நீ உள்ளே செல்ல முடியாது. என் கணவர் நாற்பதாண்டுக் காலம் வங்கியில் மனிதர்கள் நடுவிலேயே இருந்தவர். அவருக்கு ஊசியைவிட அந்தக் கண்ணாடிக் கதவுதான் பாரமாக இருந்தது. நான் வெளியே நாற்காலியில் அமர்ந்து கைபேசியில் பேசிக்கொண்டே இருந்தேன். பேசுவதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. செய்தித்தாளை வாசித்துக் காட்டினேன். நீயும் அப்படி ஏதாவது எடுத்துச் செல்.

வீடு திரும்பிய பிறகு கடைப்பிடிக்க வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதித் தருவார்கள். உங்கள் மருத்துவமனை தரும் தாளே உங்களுக்கு இறுதி. பொதுவாக, வீட்டிலுள்ள பெரியவர்கள் 2 நாள் ஒரு மீட்டருக்குள் நெடுநேரம் இருக்கக் கூடாது, 3 இரவு தனி அறையில் படுக்க வேண்டும், குழந்தைகளிடமிருந்து 7 நாள் விலகியிருக்க வேண்டும் என்பார்கள். மருந்தில் புற்றணுவில் ஒட்டாத பகுதி பெரும்பாலும் சிறுநீரில்தான் வெளியேறுகிறது. அதனால் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். அமர்ந்தே சிறுநீர் கழிக்க வேண்டும். இரண்டு முறை தண்ணீர் ஊற்றிவிட்டுக் கைகளைச் சோப்பால் கழுவ வேண்டும். இவையெல்லாம் ஒரு நாளில் பழகிவிடும்.

தோழி, நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான். தாளில் எழுதிய நாள்களை ஒன்றுகூடக் குறைக்காதே. அதே உறுதியோடு, ஒரு நாளையும் கூட்டவும் விடாதே. எங்கள் உறவினர் சிலர், அவருடைய தட்டையும் தம்ளரையும் மாதக் கணக்கில் தனியாக வைக்கச் சொன்னார்கள்; பக்கத்து வீட்டுப் பெண் எங்கள் கொடியில் காயும் வேட்டியைப் பார்த்துத் தன் பிள்ளையை உள்ளே அழைத்துக்கொண்டாள். அம்மை கண்ட வீட்டைப் போல் எங்கள் வீட்டை நினைத்தார்கள். அம்மைக்காவது தலைக்குத் தண்ணீர் ஊற்றியதும் விலக்கு முடிந்துவிடும். கதிரியக்கம் தொற்றுநோய் அன்று. நாள் ஆக ஆகக் குறைந்துகொண்டே போகும் ஒன்று. விலக்கு நாள் முடிந்த காலையில் நான் அவரை எங்களுடன் அமரவைத்து, அதே தட்டில் பரிமாறினேன். அன்று மாலை பேரன் அவர் மடியில் ஏறி உட்கார்ந்தான். பார்த்தவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று இருந்துவிட்டேன். நோயால் மெலிந்த ஒருவர், தான் பிறருக்குத் தீங்கு செய்யும் பொருளாகிவிட்டோம் என்று எண்ணத் தொடங்கினால் அந்த எண்ணத்தை எந்த மருந்தாலும் எடுக்க முடியாது. அதற்கு இடம் தராமல் இருக்க வேண்டியவர்கள் நாம்.

பக்க விளைவுகளில் எங்களை மிகவும் வாட்டியது வாய் வறட்சி. உமிழ்நீர்ச் சுரப்பிகளும் இந்த மருந்தை உறிஞ்சிக்கொள்வதால், ஒவ்வொரு சுற்று ஊசிக்கும் பிறகு வறட்சி சற்றுக் கூடியது. முறுக்கும் தோசையின் முறுகல் ஓரமும் அவருக்கு எட்டாதவையாயின. காரம் நாக்கைச் சுட்டது. விரும்பிக் குடிக்கும் காப்பியே மண்ணாக இருக்கிறது என்றார். சாம்பாரில் ஊறிய இட்லி, குழைந்த ரசச் சோறு, நீர்மோர் ஆகியவற்றால் நாள்களை ஓட்டினோம். இரவில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு விழித்துவிடுவார். தலைமாட்டில் எப்போதும் தண்ணீர் வேண்டும். முதல் ஊசிக்கு முன்பே அண்ணனைப் பல் மருத்துவரிடம் ஒரு முறை காட்டிவிடு. உமிழ்நீர் குறைந்தால் பல் விரைவில் சொத்தையாகும். களைப்பு ஊசி போட்ட முதல் வாரத்தில் மிகுதியாக இருக்கும். குமட்டலுக்கு மாத்திரை உண்டு.

குணமாகிவிடுமா என்று கேட்டிருக்கிறாய். இந்த நிலையில் இது நோயை அடக்கும் மருந்து. வேரோடு எடுக்கும் மருந்து அன்று. 831 நோயாளிகளிடம் நடத்தி 2021 இல் வெளியிட்ட ‘விஷன்’ ஆய்வில், வழக்கமான சிகிச்சையுடன் லுட்டீஷியமும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள், அதாவது பாதிப் பேர் தாண்டிய காலம், 15.3 மாதம், பெறாதவர்களுக்கு 11.3 மாதம். அந்த ஆய்வை வைத்தே 2022 மார்ச்சில் அமெரிக்காவில் இதற்கு அனுமதி கிடைத்தது. ஆஸ்திரேலியாவில் 200 பேரிடம் நடந்த ‘தெராபி’ ஆய்வில் கபசிடாக்சல் என்னும் கீமோவுடன் ஒப்பிட்டார்கள்; நோயின் அளவைக் காட்டும் பி.எஸ்.ஏ. என்னும் இரத்தப் பரிசோதனை எண் பாதிக்கு மேல் குறைந்தவர்கள் லுட்டீஷியம் பிரிவில் 66 விழுக்காடு, கீமோ பிரிவில் 37 விழுக்காடு. கடுமையான பக்க விளைவுகளும் லுட்டீஷியத்தில் குறைவு. ஆயினும் இரு பிரிவினரும் வாழ்ந்த காலம் ஏறத்தாழ ஒன்றே. இந்தக் கணக்குக்கு அப்பால் நெடுங்காலம் நன்றாக இருப்பவர்களும் உண்டு, ஒரு சுற்றுக்குப் பிறகே நோய் முந்திவிடுபவர்களும் உண்டு. அண்ணன் எந்தப் பக்கம் என்பதை முதல் இரண்டு சுற்றுகள் ஓரளவு காட்டிவிடும்.

என் கணவருக்கு பி.எஸ்.ஏ. நன்றாக இறங்கியது. அந்த எண்ணைவிட நான் மதித்தது வலி இறங்கியதைத்தான்: மார்ஃபின் மாத்திரையை விட்டார், காலையில் தெப்பக்குளத்தைச் சுற்றி நடந்தார், தம்பி மகன் திருமணத்தில் பந்தி முடியும்வரை எல்லாரையும் உபசரித்துக்கொண்டு நின்றார். பிறகு எண் மெல்ல ஏறியது, தட்டணுக்களும் குறைந்தன, 6 வாரத்துக்கு ஒன்றாக 6 ஊசி என்பது திட்டமாக இருந்தும், அதற்கு முன்னரே நிறுத்திவிடலாம் என்று மருத்துவர் சொன்னார். அவர் அமைதியாக ஏற்றுக்கொண்டார். பிள்ளைகள்தாம் ஏற்க மறுத்தார்கள். ஆகவே எப்போது நிறுத்துவோம் என்னும் பேச்சை, அண்ணனையும் உடன் வைத்துக்கொண்டு, தொடங்குவதற்கு முன்பே மருத்துவரிடம் பேசிவிடுங்கள். இப்போது என் கணவருக்கு வலி நிவாரண மருத்துவம் நடக்கிறது. பெரும்பாலும் திண்ணையில்தான் இருக்கிறார். உன் கடிதத்தை அவரே இரண்டு முறை வாசித்தார்.

செலவு ஒவ்வொரு சுற்றுக்கும் லட்சக்கணக்கில் ஆகும். பல காப்பீட்டுத் திட்டங்கள் 24 மணி நேரம் உள்நோயாளியாக இருந்தால்தான் பணம் தரும். ஊசி போட்ட அன்றே அனுப்பிவிடுவார்களானால் சிக்கல். முன் ஒப்புதலை எழுத்தில் வாங்கிவிடு.

கடைசியாக, உன் மகள். தலைப்பிரசவத்துக்கு உன் வீட்டுக்கு வருகிறாள் என்று எழுதியிருக்கிறாய். கருவுற்ற பெண்ணும் நோயாளியும் ஒரே அறையில் உறங்காமல் 15 நாள் இருக்க வேண்டும் என்பது வழக்கமான அறிவுரை. ஒரு வாரம் அருகே நெருங்கவும் கூடாது. ஒரே குளியலறை உள்ள உன் வீட்டில் இது கடினம். வளைகாப்பை முதல் ஊசிக்கு முன்பே வைத்துக்கொள். அண்ணன் தம் கையாலேயே மகளுக்குச் சந்தனம் பூசி வளையல் போடட்டும். ஊசி போட்ட பிறகு 15 நாள் அவள் மாமியார் வீட்டிலோ உன் தங்கை வீட்டிலோ இருக்கட்டும். குழந்தை பிறக்கும் தேதியை அணு மருத்துவப் பிரிவில் இப்போதே சொல்லிவிடு. சுற்றுகளுக்கிடையே 6 வார இடைவெளி இருப்பதால், தாத்தா பேரக் குழந்தையைக் கையில் வாங்கும்படி நாள் குறிக்க இடமுண்டு. வரும் வாரம் அந்தத் தேதிகளோடு என்னைத் தொலைபேசியில் அழை. என்னிடம் உள்ள தாள்களைப் பார்த்து இருவரும் கணக்குப் போடுவோம்.

அன்புடன்,
உன் தோழி